டிவி வாங்கும் முன்: அறையில் தொடங்கி அமைப்பில் முடியும் முழு வழிகாட்டி

புதிய டிவி எடுக்கப் போகிறவர் கடைக்குள் நுழைந்ததும் வரிசையாக எரியும் திரைகளைப் பார்த்துத் திகைத்துவிடுவார். எல்லாமே பளபளக்கும். எல்லாவற்றின் மேலும் 4கே, எச்டிஆர், க்யூஎல்இடி என்று முத்திரை ஒட்டியிருக்கும். விற்பனையாளர் ஒன்றைக் கைகாட்டுவார், அதுவே வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் ஒரு டிவி நமக்குப் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பவை அது மாட்டப்படும் அறையும், அந்த அறையின் வெளிச்சமும், நாம் உட்காரும் தூரமும்தான். இவை எதுவும் பெட்டியின் மேல் எழுதியிருக்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் கடைக்குப் போவது கடைசிக்கு முந்தைய படி.

படி 1: இன்ச் டேப்பை எடுங்கள்

டிவி இருக்கப்போகும் இடத்திலிருந்து நீங்கள் வழக்கமாக உட்காரும் இடம் வரை அளந்து, சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். டிவி ஸ்டாண்டின் மேல் நிற்கப்போகிறது என்றால் திரை சுவரிலிருந்து சற்று முன்னே தள்ளி வரும். அதையும் கழியுங்கள்.

அந்த எண்ணை 4-ஆல் வகுத்தால் கிடைப்பது, திரை எத்தனை இன்ச் இருக்கலாம் என்பதற்கான நல்ல அளவு. 220 செ.மீ. தூரம் என்றால் 55 இன்ச். 260 செ.மீ. என்றால் 65 இன்ச். இது வாய்க்கு வந்த கணக்கு அல்ல. திரை நம் பார்வையில் ஏறக்குறைய 30 பாகை அகலத்தை நிரப்ப வேண்டும் என்று திரைப்படத் தொழில்நுட்பத்தில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு வரையறையிலிருந்து வருவது. தியேட்டர் போல இன்னும் அகலமாக வேண்டும் என்பவர்கள் 3-ஆல் வகுக்கலாம். அது 40 பாகை. செய்தியும் தொடரும் மட்டுமே ஓடும் வீட்டில் 5-ஆல் வகுத்தாலும் குறை தெரியாது.

இன்ச் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. உங்கள் சுவருக்கும் அலமாரிக்கும் தேவை அகலமும் உயரமும்தான். வழக்கமான 16:9 திரையில் இன்ச் எண்ணை 2.2-ஆல் பெருக்கினால் அகலம், 1.25-ஆல் பெருக்கினால் உயரம், இரண்டும் சென்டிமீட்டரில் கிடைக்கும். 55 இன்ச் திரை ஏறத்தாழ 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரம். இத்துடன் ஓரச் சட்டத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரில் செய்தித்தாளை அந்த அளவுக்கு ஒட்டி ஒரு நாள் பார்த்துக்கொண்டிருங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அந்தத் தாள் சொல்லிவிடும்.

பலர் மறப்பது கால்கள். இன்றைய டிவிகளில் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் ஒற்றைப் பீடம் கிடையாது, இரு ஓரங்களிலும் இரண்டு கால்கள். 55 இன்ச் டிவியின் கால்கள் ஒரு மீட்டருக்கு மேல் விரிந்திருப்பது சாதாரணம். மேசை அதைவிடக் குறுகல் என்றால் டிவி நிற்காது. கால்களுக்கு இடையேயான தூரம் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் இருக்கும், பார்த்துவிடுங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் மட்டமும் திரையின் நடுப்பகுதியும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சுவரில் மாட்டுபவர்கள் எல்லோரும் ஒரு முழம் மேலே மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்கிறார்கள்.

படி 2: அறையின் வெளிச்சத்தைக் கவனியுங்கள்

நீங்கள் அதிகம் டிவி பார்க்கும் நேரத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, திரை வரப்போகும் இடத்துக்கு எதிரே ஜன்னலோ விளக்கோ இருக்கிறதா? இருந்தால் அது திரையில் பிரதிபலிக்கும், இருட்டுக் காட்சிகளில் உங்கள் முகமே தெரியும். மற்றொன்று, எல்லோரும் நேராக உட்கார்ந்து பார்க்கிறீர்களா, அல்லது பக்கவாட்டிலிருந்தும் பார்ப்பவர்கள் உண்டா?

பகல் வெளிச்சம் கொட்டும் அறைக்கு அதிகப் பிரகாசம் வேண்டும். விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு ஆழமான கறுப்பு வேண்டும். பக்கவாட்டில் ஆட்கள் இருந்தால் விரிந்த பார்வைக் கோணம் வேண்டும். மூன்றும் ஒரே டிவியில் முழுமையாக அமைவது அரிது. அமைந்தால் விலை எகிறும்.

படி 3: பேனலைத் தேர்ந்தெடுங்கள்

என்னைக் கேட்டால் படத்தின் தரத்தில் முதல் இடம் கான்ட்ராஸ்டுக்கு, அதாவது திரையின் மிக இருண்ட புள்ளிக்கும் மிக ஒளிர்ந்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு. பிக்சல் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். கான்ட்ராஸ்டைத் தீர்மானிப்பது பேனல், அதாவது படத்தைக் காட்டும் திரைப் பலகை, என்பதால் இந்தப் படிக்குப் பொறுமை தேவை.

இன்று சந்தையில் அடிப்படையில் இரண்டே குடும்பங்கள். பிளாஸ்மா 2014 வாக்கிலேயே உற்பத்தி நின்று போனது. மிஞ்சியவை எல்சிடியும் ஓஎல்இடியும்.

எல்சிடி திரையின் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிகிறது. முன்னால் இருக்கும் திரவப் படிக அடுக்கு அந்த ஒளியை அடைத்தும் திறந்தும் படத்தைக் காட்டுகிறது. எல்இடி டிவி என்று விற்கப்படுவது இதுவேதான், பின்விளக்கு எல்இடியால் ஆனது என்பதால் அந்தப் பெயர். க்யூஎல்இடியும் இதே குடும்பம்தான். பின்விளக்குக்கு முன்னால் குவான்டம் டாட் என்னும் நுண்துகள் படலத்தைச் சேர்த்து நிறங்களைச் செறிவாக்கியிருப்பார்கள். ஓஎல்இடி என்ற பெயரிலிருந்து ஓரெழுத்து மட்டுமே வேறுபடுவதால் இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஏராளம். விற்பவர்கள் அவசரப்பட்டுத் திருத்துவதில்லை.

பின்விளக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஓரங்களில் மட்டும் இருந்தால் திரை மெலிதாக இருக்கும், ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். திரை முழுவதற்கும் பின்னால் பரவியிருந்து, பகுதி பகுதியாக மங்கவும் ஒளிரவும் முடிந்தால் அதுதான் லோக்கல் டிம்மிங். விளக்குகளை மிகச் சிறியதாக்கி நூற்றுக்கணக்கில், உயர்ந்த மாடல்களில் ஆயிரக்கணக்கில் பகுதிகளாகப் பிரித்தால் மினி எல்இடி. பகுதிகள் கூடக்கூடக் கறுப்பு கறுப்பாகும். ஆனாலும் கறுப்புப் பின்னணியில் வரும் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றி ஒரு மங்கிய ஒளிவட்டம் தெரியலாம். அது இந்தத் தொழில்நுட்பத்தோடு பிறந்த குறை.

எல்சிடியிலேயே விஏ, ஐபிஎஸ் என இரு வகைப் பேனல்கள் உண்டு. ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட் பொதுவாக 1000:1 சுற்றில் இருக்கும். விஏ 3000:1-ஐத் தாண்டும், இன்னும் மேலேயும் போகும். பதிலுக்கு விஏ திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும், ஐபிஎஸ் தாங்கும். இருட்டில் நேராக உட்கார்ந்து பார்ப்பவருக்கு விஏ, வெளிச்சமான கூடத்தில் நாலாபக்கமும் உட்காரும் குடும்பத்துக்கு ஐபிஎஸ். சிக்கல் என்னவென்றால், ஒரே மாடல் வரிசையில் ஒரு அளவில் விஏயும் இன்னொரு அளவில் ஐபிஎஸும் வரக்கூடும். 55 இன்ச்சுக்கான விமர்சனத்தைப் படித்துவிட்டு 50 இன்ச் வாங்கினால் வேறு டிவியே வந்து சேரலாம். ஆர்டிங்ஸ் போன்ற, கருவி வைத்து அளந்து எழுதும் தளங்களில் எந்த அளவுக்கு எந்தப் பேனல் என்று தேடிப் பாருங்கள்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்தே விடுகிறது. 4கே திரையில் அப்படி 83 லட்சம் பிக்சல்கள் தனித்தனியாக இயங்குகின்றன. விளக்கணைத்த அறையில் இதற்கு ஈடு இல்லை, பக்கவாட்டுப் பார்வையிலும் நிறம் மாறாது. 2022-இல் சந்தைக்கு வந்த க்யூடி ஓஎல்இடி இதோடு குவான்டம் டாட்டையும் சேர்த்து நிறங்களை இன்னும் ஒளிர வைத்தது.

குறைகளும் உண்டு. திரை முழுக்க வெள்ளையாக வரும் காட்சியில் ஓஎல்இடி தன் பிரகாசத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரே சின்னமோ செய்தி ஓடையோ ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் நிரந்தரமாகப் பதியும் ஆபத்து இருக்கிறது. பர்ன் இன் என்பார்கள். பலவகை நிகழ்ச்சிகளைப் பார்ப்பவர் இதற்குப் பயப்படத் தேவையில்லை. காலை முதல் இரவு வரை ஒரே செய்தி சேனல் ஓடும் வீட்டிலோ, திரையைக் கணினி மானிட்டராகப் பயன்படுத்தும் வீட்டிலோ ஓஎல்இடியைத் தவிர்த்துவிடுவேன். அங்கே நல்ல மினி எல்இடி போதும்.

படி 4: 4கே தேவையா?

படி 1-இன் கணக்கு இங்கேயும் கைகொடுக்கும். சராசரிப் பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் நுணுக்கத்தைப் பிரித்தறியும். 1920 x 1080 புள்ளிகள் கொண்ட புல் எச்டி திரையில், இன்ச் எண்ணைப் போல் சுமார் 4 மடங்கு சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் பிக்சல்கள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதாவது 55 இன்ச் திரைக்கு 220 செ.மீ. அதற்கு அப்பால் உட்கார்ந்தால் 4கேயின் கூடுதல் பிக்சல்கள் கண்ணுக்கு எட்டாது. நெருங்கி உட்கார்ந்தால் எட்டும்.

ஆனாலும் 43 இன்ச்சுக்கு மேல் 4கே வாங்குவதே நடைமுறை. நல்ல பேனலும் எச்டிஆரும் இப்போது 4கே மாடல்களில்தான் வருகின்றன, அந்த அளவுகளில் புல் எச்டியைத் தேடினாலும் மட்டமானதுதான் அகப்படும். 32 இன்ச்சில் 1366 x 768 திரைகள் இன்னும் விற்கின்றன. படுக்கையறையில் இரண்டு மீட்டர் தள்ளிப் பார்க்க அது போதும், கணினியை இணைத்து எழுத்துகளைப் படிக்கப் போதாது.

8கேயை மறந்துவிடுங்கள். 55 இன்ச் 4கே திரையில் பிக்சலைப் பிரித்துப் பார்க்கவே ஒரு மீட்டருக்குள் போக வேண்டும்.

படி 5: எச்டிஆர் முத்திரையை நம்பாமல் நிட்ஸைக் கேளுங்கள்

நிட்ஸ் என்பது திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு. சாதாரண வீடியோ 100 நிட்ஸ் பிரகாசத்தை மனதில் வைத்து உருவாக்கப்படுவது. எச்டிஆர் வீடியோ பெரும்பாலும் 1000 நிட்ஸ், சில சமயம் 4000 நிட்ஸ் வரை. சூரியன் கண்ணைக் கூசுவதும், அதே காட்சியில் நிழலுக்குள் இருக்கும் முகம் தெரிவதும் இதனால்தான். 300 நிட்ஸ் மட்டுமே தரக்கூடிய, லோக்கல் டிம்மிங் இல்லாத டிவியும் எச்டிஆர் சமிக்ஞையை ஏற்கும். ஏற்பதால் முத்திரையும் ஒட்டிக்கொள்ளும். காட்டத்தான் முடியாது. அப்படிப்பட்ட டிவியில் எச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட இருட்டாகவே தெரியும்.

எல்சிடி என்றால் 600 நிட்ஸும் லோக்கல் டிம்மிங்கும் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓஎல்இடியில் கறுப்பு முழுமையாக இருப்பதால் எண் சற்றுக் குறைந்தாலும் பாதிப்பில்லை. எச்டிஆர்10 எல்லாவற்றிலும் இருக்கும். டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் இரண்டும் காட்சிக்குக் காட்சி அளவைச் சரிசெய்பவை. சில நிறுவனங்கள் ஒன்றை மட்டுமே தரும். நீங்கள் பார்க்கும் ஓடிடி எதைத் தருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இதை வைத்து மட்டும் டிவியை முடிவு செய்ய வேண்டாம்.

படி 6: ஹெர்ட்ஸ் கணக்கு

பேனல் ஒரு வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது ரிஃப்ரெஷ் ரேட், அதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். உண்மையில் இருப்பவை 60, 120, அண்மைக்காலத்தில் 144-உம் அதற்கு மேலும். மோஷன் ரேட் 240 என்பது போன்ற கவர்ச்சிப் பெயர்கள் விளம்பரத் துறையின் கைவேலை. பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ் என்ன என்று அழுத்திக் கேளுங்கள்.

திரைப்படம் வினாடிக்கு 24 படங்களில் எடுக்கப்படுகிறது. 60-ஐ 24 மிச்சமின்றி வகுக்காது. ஆகவே 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையுமாகக் காட்டிச் சமாளிக்கும், கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் ஒரு நடுக்கம் தெரியும். 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படமும் சரியாக ஐந்து முறை. விளையாட்டுப் போட்டிகள் பார்ப்பவருக்கும் கேம் ஆடுபவருக்கும் 120 பெரிய வித்தியாசம் தரும். தொடர் மட்டும் பார்ப்பவருக்கு 60 போதும்.

படி 7: பின்பக்கத்தைப் பாருங்கள்

எச்டிஎம்ஐ போர்ட்டுகளை எண்ணுங்கள். செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, கேம் கன்சோலுக்கு ஒன்று என்றாலே மூன்று போய்விடும். மூன்றுக்குக் குறைவாக இருப்பதை வாங்காதீர்கள்.

கேம் ஆடுபவர்கள் இன்னும் ஒரு படி ஆழமாகப் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 வினாடிக்கு 18 ஜிகாபிட் கடத்தும், அது 4கேயில் 60 ஹெர்ட்ஸுக்குப் போதும். 4கே 120-க்கு எச்டிஎம்ஐ 2.1 வேண்டும், அதன் உச்சம் 48 ஜிகாபிட். ஆனால் 2.1 என்று எழுதியிருப்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது, ஏனெனில் அதன் புதிய வசதிகள் பலவும் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. 4கே 120 உண்டா, விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கேற்ப ரிஃப்ரெஷ் ரேட் மாறுவது) உண்டா, ஏஎல்எல்எம் (கேம் தொடங்கியதும் டிவி தானே தாமதம் குறைந்த முறைக்கு மாறுவது) உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். நான்கு போர்ட்டுகளில் இரண்டில் மட்டும் இந்த வசதி இருப்பதும், அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்கான இ ஆர்க் போர்ட்டாகவும் அமைந்து கழுத்தை அறுப்பதும் வழக்கம்.

ஆன்டெனாவில் நேரடியாக ஒளிபரப்பைப் பிடிப்பவர்கள் டியூனரையும் பார்க்க வேண்டும். உலகின் பகுதிகளுக்கேற்ப டிவிபி, ஏடிஎஸ்சி, ஐஎஸ்டிபி என முறைகள் வேறுபடும். வேறு நாட்டிலிருந்து வாங்கி வந்த டிவி உங்கள் ஒளிபரப்பைப் பிடிக்காமல் போகலாம்.

படி 8: ஸ்மார்ட் வசதிக்கு அதிக மதிப்பெண் போடாதீர்கள்

டிவியின் இயங்குதளம் கூகுள் டிவி, வெப்ஓஎஸ், டைசன் என எதுவாக இருந்தாலும் சில ஆண்டுகளில் வேகம் குறையும், புதிய ஆப்கள் வராமல் நிற்கும். அப்போது ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் சொருகிவிடலாம். பேனலை அப்படி மாற்ற முடியாது. இரண்டு டிவிகளுக்கு நடுவே தயங்கினால் நல்ல பேனல் உள்ளதையே எடுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தரங்கம். பல ஸ்மார்ட் டிவிகளில் ஏசிஆர் என்ற வசதி திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும். 2017-இல் விசியோ நிறுவனம் இப்படி உரிய அனுமதியின்றித் தகவல் சேகரித்ததற்காக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துடனும் நியூ ஜெர்சி மாநிலத்துடனும் 22 லட்சம் டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. முதல்முறை டிவியை இயக்கும்போது வரும் ஒப்புதல் பக்கங்களில் எல்லாவற்றுக்கும் சரி சொல்லாமல், பார்க்கும் விவரம் சேகரிக்கும் பகுதியை மறுத்துவிடுங்கள். டிவி அதனால் வேலை செய்யாமல் போகாது.

ஒலியைப் பற்றி ஒரே வரி: மெலிந்த டிவிக்குள் நல்ல ஸ்பீக்கருக்கு இடமில்லை, பட்ஜெட்டில் சவுண்ட்பாருக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

படி 9: இப்போது ஷோரூமுக்குப் போங்கள்

கையில் ஒரு பென்டிரைவ் இருக்கட்டும். அதில் மனித முகங்கள் வரும் ஒரு காட்சி, சப்டைட்டிலோடு ஓர் இரவுக் காட்சி, தரம் குறைந்த ஒரு பழைய வீடியோ, முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்று ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் ஓடும் டெமோ வீடியோவில் பூக்களும் கிளிகளும்தான் இருக்கும். எந்தத் திரையிலும் அழகாகத் தெரிய வேண்டும் என்றே எடுத்தவை அவை.

ரிமோட்டைக் கேட்டு வாங்கி விவிட் முறையிலிருந்து சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் முறைக்கு மாற்றுங்கள். முதல் பார்வையில் மஞ்சளாகத் தெரியும். இரண்டு நிமிடம் பொறுத்தால் கண் பழகும், அதன்பிறகு முகத்தின் நிறம் முகத்தின் நிறமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இரவுக் காட்சியில் எழுத்தைச் சுற்றி ஒளி கசிகிறதா? சாம்பல் படத்தில் அழுக்குப் படிந்தது போல் திட்டுகள் தெரிகின்றனவா? பந்து உருளும் ஆட்டம் பார்ப்பவருக்கு அந்தத் திட்டுகள் தினமும் உறுத்தும். பழைய வீடியோவையும் ஓட்டிப் பாருங்கள், ஏனெனில் வீட்டில் ஓடுவதில் பாதி அதுபோன்றதுதான். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள்.

மாடல் எண்ணை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வேறு பேனல், வேறு ஆண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடக்கும் சிஇஎஸ் கண்காட்சியை ஒட்டிப் புதிய வரிசையை அறிவிக்கும். அடுத்த சில மாதங்களில் போன ஆண்டின் உயர் மாடல் விலை இறங்கும். அது பெரும்பாலும் இந்த ஆண்டின் நடுத்தர மாடலைவிட நல்ல டிவி.

வாரண்டியில் பேனலுக்கு எத்தனை ஆண்டு, எத்தனை பிக்சல் செத்தால் மாற்றித் தருவார்கள், பர்ன் இன் சேருமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

படி 10: வீட்டுக்கு வந்த பிறகு

பெட்டியைக் கிடத்தி எடுத்துவர விடாதீர்கள். நிமிர்த்தியேதான் வர வேண்டும். தூக்கும்போது திரையில் விரல் அழுத்தம் படக்கூடாது, ஓரச் சட்டத்தின் அடிப்பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். பெரிய திரைக்கு இரண்டு பேர் கட்டாயம்.

முதல் அமைப்பில் ஸ்டோர் என்பதை விட்டு ஹோம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தைச் சினிமா முறையில் வையுங்கள், நிற வெப்பநிலையை வார்ம் பக்கம் நகர்த்துங்கள். ஷார்ப்னஸை நன்றாகக் குறைத்துவிடுங்கள், அது இல்லாத விளிம்புகளை வரைந்து படத்தைக் கெடுப்பது. மோஷன் ஸ்மூத்திங் என்ற அமைப்பு இல்லாத படங்களை இடையில் செருகித் திரைப்படத்தையும் தொலைக்காட்சித் தொடர் போல ஆக்கிவிடும், படம் பார்க்கும்போது அணைத்து வையுங்கள். கன்சோலையோ 4கே பாக்ஸையோ செருகிய போர்ட்டுக்கு அமைப்புகளில் என்ஹான்ஸ்டு என்ற தெரிவை இயக்க மறக்காதீர்கள். பல டிவிகளில் அது முதலில் அணைந்தே இருக்கும், இயக்கும் வரை முழு எச்டிஆர் வராது.

நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது. பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸோடு நின்றுவிடும் என்றாலும் அதற்கு அது தாராளம்.

சுவரில் துளை போடும் முன் டிவியைக் கால்களில் நிறுத்திச் சில நாள் ஓட்டுங்கள். சாம்பல் படம், முழுக் கறுப்பு, முழு வெள்ளை எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டிலும் ஏதாவது ஒன்றைச் செருகிச் சோதியுங்கள், வைஃபை அறுபடுகிறதா என்று கவனியுங்கள். எல்லாம் சரி என்றால் டிவியின் பின்புறத் துளைகளின் வீசா அளவுக்கும் (துளைகளுக்கு இடையேயான தூரம்) எடைக்கும் பொருந்தும் மாட்டியை வாங்குங்கள். திரும்பக் கொடுக்கும் கெடு முடியும் வரை அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் பரணில் இருக்கட்டும்.